சட்டைக்கு மேலே தொட்டால் அது தொடுதல் இல்லையா? ஒரு போக்சோ மேல்முறையீடு போய்வந்த பாதை

கீழ்க் கோர்ட்டில் தண்டனை வாங்கியவர் மேல்முறையீட்டில் என்ன வாதம் வைப்பார் என்பது வக்கீல் ஆபீஸில் ஆறு மாதம் உட்கார்ந்தவருக்கே மனப்பாடம் ஆகிவிடும். புகார் கொடுக்க ஏன் தாமதம், அரசுத் தரப்பு முதல் சாட்சி சொன்னதும் இரண்டாம் சாட்சி சொன்னதும் ஒத்துப்போகவில்லை, இரண்டு குடும்பத்துக்கும் முன்பகை, குழந்தைக்குச் சொல்லிக்கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்கள், சுயேச்சையான சாட்சி ஒருவர்கூட இல்லை. எல்லாமே சுற்றிச் சுற்றி 'நடந்ததாக நிரூபிக்கவில்லை' என்ற இடத்தில்தான் வந்து நிற்கும். இப்போது எழுதப்போகிற வழக்கில் உயர் நீதிமன்றம் தாயை நம்பியது, குழந்தையை நம்பியது, நடந்தது நடந்தபடியே நடந்தது என்று ஏற்றுக்கொண்டது. அப்படி நம்பிய பிறகும் போக்சோ, அதாவது குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கிற சட்டத்தின் பிரிவிலிருந்து, அந்த ஆளை விடுவித்தது. அதனால்தான் இதை முழுசாக எழுத வேண்டும் என்று தோன்றியது. பத்திரிகைகளில் 'தோலோடு தோல்' தீர்ப்பு என்று பெயரெடுத்த நாக்பூர் வழக்கு இது.

முதலில் சம்பவம். 2016 டிசம்பர் 14. நாக்பூரில் 12 வயதுச் சிறுமி ஒருத்தி காலை பதினொன்றரை மணி வாக்கில் கொய்யாப்பழம் வாங்கி வருகிறேன் என்று வீட்டைவிட்டுப் போகிறாள். நேரமாகியும் திரும்பவில்லை. அம்மா தேடிக் கிளம்புகிறார். அக்கம்பக்கத்தில் இருந்த ஒரு பெண், அந்த ஆள் உன் மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிப் போனான் என்று சொல்லி வீட்டையும் காட்டுகிறார். அம்மா அங்கே போகும்போது அந்த ஆள் மாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருக்கிறான். என் பிள்ளை எங்கே என்று கேட்டால், இங்கே வரவே இல்லை என்கிறான். அம்மா நம்பவில்லை. கீழ்த்தளத்தில் தேடுகிறார், அப்புறம் மாடிக்கு ஏறுகிறார். அங்கே ஓர் அறை வெளியே தாழ்ப்பாள் போட்டிருக்கிறது. திறந்தால் உள்ளே மகள் அழுதுகொண்டிருக்கிறாள்.

கொய்யாப்பழம் தருகிறேன் என்று சொல்லிக் கூட்டிப்போய் மார்பை அழுத்தினான், சல்வாரைக் கழற்றப் பார்த்தான், நான் கத்தியதும் வாயைப் பொத்தினான், அப்புறம் அறையை வெளியே பூட்டிவிட்டுப் போய்விட்டான் என்று அவள் அம்மாவிடம் சொன்னாள். தாயும் மகளும் நேரே காவல் நிலையம் போய்ப் புகார் கொடுத்தார்கள். பின்னால் கோர்ட்டிலும் சிறுமி அதையேதான் சொன்னாள்.

வெளியே போட்டிருந்த அந்தத் தாழ்ப்பாளைக் கொஞ்சம் கவனியுங்கள். பாலியல் வழக்குகளில் நோக்கத்தை நிரூபிப்பது கஷ்டம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே கூட்டிப்போக ஒரு சாக்கு, பொத்தப்பட்ட வாய், வெளியே தாழ்ப்பாள், மாடிப்படியில் சொன்ன பொய் என்று வரிசையாக இருக்கிறது. இந்த நடத்தைக்கு வேறு என்ன நோக்கம் சொல்ல முடியும்?

விசாரணை நாக்பூர் சிறப்பு நீதிமன்றத்தில் நடந்தது. 2020 பிப்ரவரி 5 அன்று தீர்ப்பு. பெண்ணின் மானத்துக்குப் பங்கம் விளைவித்ததற்கான இ.பி.கோ. 354, கடத்தலுக்கு 363, சட்டவிரோதமாக அடைத்து வைத்ததற்கு 342, இவற்றோடு போக்சோ சட்டத்தின் 8ஆவது பிரிவு, எல்லாவற்றிலும் குற்றவாளி. போக்சோ 8க்கு 3 வருடக் கடுங்காவல், 500 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் மேலும் ஒரு மாதம். 363க்கு 2 வருடம், 342க்கு 6 மாதம். போக்சோ 8 என்பது 7ஆவது பிரிவில் சொன்ன 'பாலியல் தாக்குதல்' குற்றத்துக்கான தண்டனைப் பிரிவு. குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 5. அதாவது நீதிபதி கொடுத்தது சட்டம் சொன்ன குறைந்தபட்சத் தண்டனை. அதற்குக் கீழே ஒரு நாள்கூடக் குறைக்க எந்தக் கோர்ட்டுக்கும் அதிகாரம் இல்லை. இது பின்னால் முக்கியமாகப் போகிறது.

அமர்வு நீதிபதி தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்வது உரிமை. பழைய குற்றவியல் விசாரணை முறைச் சட்டம் 374இன்படி அப்போது, அதற்குப் பதிலாக வந்த பிஎன்எஸ்எஸ் 415இன்படி இன்றைக்கு. அனுமதி எதுவும் கேட்கத் தேவையில்லை, 60 நாளுக்குள் போட வேண்டும், தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்பு மனு. கூடவே தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லி ஒரு மனு போடுவார்கள் (பழைய 389, இப்போது 430). மூன்று வருடம் வரையான தண்டனை என்றால், ஏற்கெனவே ஜாமீனில் இருந்தவருக்குத் தீர்ப்பு சொன்ன கோர்ட்டே மேல்முறையீடு போடும்வரை தண்டனையை நிறுத்திவைக்கலாம். பத்து வருடமோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால்தான் சிக்கல், அரசு வக்கீலுக்கு எழுத்தில் ஆட்சேபிக்க வாய்ப்புக் கொடுத்துவிட்டுத்தான் உயர் நீதிமன்றம் வெளியே விடும். நம் ஊரிலும் இப்படி மேல்முறையீடு போட்டுவிட்டு ஜாமீனில் வெளியே வந்து, கேஸ் கட்டு பட்டியலுக்கு வரவே பல வருஷம் காத்திருப்பவர்கள் நிறைய. இந்த வழக்கு அந்த வகையில் அதிசயம். கொரோனா வருஷத்திலும் பதினொன்றரை மாதத்தில் தீர்ப்பே வந்துவிட்டது.

2021 ஜனவரி 19. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை, நீதிபதி புஷ்பா கனேடிவாலா, தனி நீதிபதி அமர்வு. பெரிய தீர்ப்பு ஒன்றும் இல்லை, ஒரு டீ குடிக்கிற நேரத்தில் படித்து முடித்துவிடலாம். தாயும் சிறுமியும் சொன்னது நம்பும்படி இருக்கிறது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். அதன் பிறகு 7ஆவது பிரிவை எடுக்கிறார்.

அந்தப் பிரிவை வார்த்தைக்கு வார்த்தை பார்க்காமல் இந்த வழக்கைப் புரிந்துகொள்ள முடியாது. சுருக்கமாகச் சொன்னால் அதில் மூன்று வாசல்கள் இருக்கின்றன. பாலியல் நோக்கத்தோடு குழந்தையின் அந்தரங்க உறுப்புகளையோ மார்பையோ தொடுவது ஒன்று. அல்லது, தன்னுடையதையோ வேறொருவருடையதையோ குழந்தையைத் தொட வைப்பது. அல்லது, பாலியல் நோக்கத்தோடு, உட்செலுத்துதல் இல்லாத, உடல் தொடர்பு உள்ள வேறு எந்தச் செயலையும் செய்வது. நடுவில் இருக்கிற 'அல்லது' என்ற சொல்லை மறக்காதீர்கள். 'உடல் தொடர்பு' என்ற சொல் மூன்றாவது வாசலில் மட்டும்தான் இருக்கிறது. முதல் வாசலில் இருப்பது வெறும் 'தொடுதல்'.

உயர் நீதிமன்றம் செய்தது என்னவென்றால், மூன்றாவது வாசலில் தொங்கிய 'உடல் தொடர்பு' என்ற பலகையைக் கழற்றி முதல் வாசலில் மாட்டிவிட்டது. அதோடு விடாமல் 'உடல் தொடர்பு' என்றால் நேரடித் தொடர்பு, அதாவது தோலோடு தோல், என்று அதற்கு ஒரு விளக்கமும் சேர்த்தது. இதற்குத் துணையாக 'எஜுஸ்டெம் ஜெனரிஸ்' என்ற பழைய விதியைக் காட்டியது. அது ஒன்றும் மந்திரம் இல்லை. 'ஆடு, மாடு, எருமை மற்றும் பிற' என்று ஒரு சட்டம் சொன்னால் அந்தப் 'பிற'வில் கழுதை சேரலாம், மோட்டார் சைக்கிள் சேராது, அவ்வளவுதான். ஆனால் அந்த விதி, முன்னால் சொன்னவற்றை வைத்துப் பின்னால் வரும் 'பிற'வுக்கு எல்லை போடுவதற்குத்தான். 'பிற' என்ற சொல்லை வைத்துக்கொண்டு ஆடு ஆடே இல்லை என்று சொல்ல அதில் இடம் கிடையாது. இங்கே நடந்தது கிட்டத்தட்ட அதுதான்.

அடுத்து வருவதுதான் என்னைப் பொறுத்தவரை இந்தத் தீர்ப்பின் மையம். மேல்சட்டை கழற்றப்பட்டதா, அல்லது கையை உள்ளே விட்டானா என்ற குறிப்பான விவரம் எதுவும் சாட்சியத்தில் இல்லை, அதனால் இது பாலியல் தாக்குதல் என்ற வரையறைக்குள் வராது என்றார் நீதிபதி. தண்டனை கடுமையாக இருந்தால் அதற்குரிய கண்டிப்பான ஆதாரம் வேண்டும், குற்றத்துக்கு ஏற்ற அளவில்தான் தண்டனை இருக்க வேண்டும் என்றும் எழுதினார்.

விவரம் இல்லை என்றால் ஏன் இல்லை? சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனையே இல்லாததால் அரசு வக்கீல் அதைக் கேட்டுப் பதிய வைக்க வேண்டிய தேவை அன்றைக்கு இல்லை. சிறுமி சாட்சிக் கூண்டில் நின்றபோது யாருக்கும் தேவைப்படாத ஒரு கேள்வி, மேல்முறையீட்டில் வழக்கையே தீர்மானிக்கிற கேள்வியாக ஆகிவிட்டது. இந்தத் தீர்ப்பு நின்றிருந்தால் அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு போக்சோ கோர்ட்டிலும் பத்து வயது, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடம் கை துணிக்கு மேலேயா உள்ளேயா, எவ்வளவு நேரம், துணி எப்படிப்பட்டது என்று குறுக்கு விசாரணை நடந்திருக்கும். நடந்ததை ஒரு தடவை சொல்லவே திணறுகிற குழந்தையிடம்.

ஒரு விஷயத்தில் ஊடகங்கள் கொஞ்சம் தவறாக எழுதின, அதையும் சொல்லிவிடணும். 'விடுதலை' என்று பல தலைப்புகள் வந்தன. அந்த ஆள் அன்று விடுதலை ஆகவில்லை. போக்சோ 8 போனது. 354இல் ஒரு வருடக் கடுங்காவலும் 500 ரூபாய் அபராதமும், 342இல் ஆறு மாதமும் இருந்தன. ஜாமீனில் இருந்த அவரது பிணைப் பத்திரத்தைப் பறிமுதல் செய்து, பிணையில் வர முடியாத வாரண்டும் பிறப்பிக்கச் சொன்னது அதே தீர்ப்புதான். அவர் மிச்சப்படுத்தியது இரண்டு வருடம். சண்டை முழுக்க அந்த இரண்டு வருடத்துக்கும், அதைவிடப் பெரிதாக, 'பாலியல் தாக்குதல்' என்ற பெயருக்கும்தான்.

இங்கே என் சொந்த அபிப்பிராயம் ஒன்று. குறைந்தபட்சத் தண்டனை என்று சட்டத்தில் எழுதிவிட்டால் நீதிபதியின் கையில் இருக்கிற திருகாணி போய்விடுகிறது. மூன்று வருடம் அதிகம் என்று ஒரு நீதிபதிக்கு மனதில் பட்டால், 'ஒன்றரை வருடமாகக் குறைக்கிறேன்' என்று எழுத வழி இல்லை. அவருக்கு மிச்சம் இருக்கிற ஒரே வழி, குற்றத்தை அந்தப் பிரிவிலிருந்தே வெளியே தூக்கிப்போடுவது. அதற்காக வரையறையை வளைக்க வேண்டியிருக்கும். தண்டனை அளவைப் பற்றி அந்தத் தீர்ப்பு அவ்வளவு அக்கறையாகப் பேசுவதைப் பார்த்தால் இங்கேயும் அதுதான் நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. இது நீதிபதிக்குச் சாக்கு சொல்வதற்காக எழுதவில்லை. மார்பை அழுத்துவது சின்ன விஷயம் என்ற எண்ணம் உள்ளே எங்கோ இல்லாமல் மூன்று வருடம் அதிகமாகத் தோன்றியிருக்காது.

தீர்ப்பு வந்த எட்டாவது நாள், ஜனவரி 27, மத்திய அரசின் தலைமை வழக்கறிஞரான அட்டர்னி ஜெனரல் கே.கே. வேணுகோபால் நேரே உச்ச நீதிமன்றத்தில் விஷயத்தை எழுப்பினார், அப்போதைய தலைமை நீதிபதி எஸ்.ஏ. பாப்டே அமர்வு போக்சோ விடுதலையை நிறுத்தி வைத்தது. மேல்முறையீட்டில் கிடைத்த லாபத்தின் ஆயுள் எட்டு நாள்!

ஒரு மாநிலக் கிரிமினல் வழக்கில் அட்டர்னி ஜெனரல் தாமே வழக்காடியாக வந்து நிற்பது அபூர்வம். சாதாரணமாக மாநில அரசுதான் மேலே போக வேண்டும், பாதிக்கப்பட்டவருக்கும் தனியாக மேல்முறையீட்டு உரிமை இருக்கிறது. இதற்கு முன்னுதாரணமாகச் சொல்லப்படுவது 1985இல் வந்த லச்மா தேவி வழக்கு, ஒரு மரண தண்டனைக் கைதியைப் பொது இடத்தில் தூக்கிலிட வேண்டும் என்று ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் போட்ட உத்தரவை எதிர்த்து அன்றைய அட்டர்னி ஜெனரல் போனது. இந்தத் தடவை அட்டர்னி ஜெனரலோடு மகாராஷ்டிர அரசும் தேசிய மகளிர் ஆணையமும் சேர்ந்துகொண்டன.

எதிர்த்தரப்பும் வெறுமனே விடப்படவில்லை. உச்ச நீதிமன்ற சட்ட உதவிக் குழு மூலமாக மூத்த வழக்கறிஞர் சித்தார்த் லுத்ரா அந்த நாக்பூர் ஆளுக்காக ஆஜரானார். மகளிர் ஆணையத்துக்கு ஆஜரானவர் கீதா லுத்ரா, இவருடைய சொந்த அக்கா. அண்ணன் தம்பி வரப்புத் தகராறு கோர்ட்டுக்கு வருவது நமக்குப் புதுசில்லை, அக்காவும் தம்பியும் வக்கீல்களாக எதிரெதிரே நிற்பதை அந்த அமர்வே ரசித்துக் குறிப்பிட்டது. நீதிமன்றத்துக்கு உதவ அமிக்கஸ் கியூரியாக சித்தார்த் தவே. கொய்யாப்பழம் தருகிறேன் என்று குழந்தையைக் கூட்டிப்போன ஆளுக்கு இவ்வளவு பெரிய வக்கீலா என்று கோபப்பட்டவர்களை எனக்குத் தெரியும். எனக்கு அதில் கோபம் இல்லை. எதிர்வாதம் முழு பலத்தோடு வைக்கப்பட்டு அதன் பிறகு தோற்றால்தான் அந்தச் சட்டக் கேள்வி நிஜமாகவே முடிவுக்கு வரும்.

அந்த எதிர்வாதம் அப்படி ஒன்றும் அசட்டுத்தனமும் இல்லை. தண்டனைச் சட்டம் என்றால் வார்த்தையை இறுக்கமாகத்தான் படிக்க வேண்டும், இரண்டு அர்த்தம் வந்தால் குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமானதை எடுக்க வேண்டும் என்பது நூற்றாண்டுகளாக நின்ற விதி. நம் சட்டத்தில் 'தொடுதல்' என்றால் என்ன என்று விளக்கம் கிடையாது. இங்கிலாந்தின் 2003ஆம் ஆண்டுப் பாலியல் குற்றச் சட்டத்தில் எதன் வழியாகத் தொட்டாலும் அது தொடுதல்தான் என்று எழுதியே வைத்துவிட்டார்கள். அந்த ஒரு வரி இங்கே இருந்திருந்தால் இந்த வழக்கே வந்திருக்காது.

மறுபக்கம் வேணுகோபால் சொன்ன ஓர் உதாரணம் எல்லோர் மனதிலும் நின்றுவிட்டது. உயர் நீதிமன்றம் சொன்னதை ஏற்றால், ஒருவன் அறுவைசிகிச்சைக் கையுறை மாட்டிக்கொண்டு குழந்தையை என்ன செய்தாலும் தப்பிவிடலாமே என்றார். அதற்குப் பதில் கிடையாது. கையுறை வேண்டாம், நாம் பேசுகிற பேச்சையே எடுத்துக்கொள்ளுங்கள். பஸ்ஸில் ஒருவன் தோளில் கை வைத்தால் 'என்னைத் தொட்டான்' என்றுதான் சொல்வோம். 'என் சட்டையைத் தொட்டான்' என்று சொல்கிறவர் யாராவது உண்டா?

2021 நவம்பர் 18 அன்று யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட், பேலா எம். திரிவேதி மூவர் அமர்வு தீர்ப்புச் சொன்னது. லலித்துக்கும் சேர்த்து எழுதியவர் திரிவேதி. அதில் மூன்று நான்கு இடங்களில் நிறுத்தி நிறுத்திப் படிக்க வேண்டியிருக்கிறது. 'தொடுதல்', 'உடல் தொடர்பு' இரண்டையும் தோலோடு தோல் என்று சுருக்குவது சட்டத்தின் நோக்கத்தையே அழிப்பது, அது குறுகலான, ஏட்டுச் சுரைக்காய் வியாக்கியானம் என்று முதலில் முடித்துவிடுகிறார்கள். குற்றத்தின் உயிர்நாடி பாலியல் நோக்கம், தோல் எங்கே பட்டது என்பது அல்ல. 'எஜுஸ்டெம் ஜெனரிஸ்' இங்கே பொருந்தவே பொருந்தாது, ஏனென்றால் பிரிவு 'அல்லது' போட்டுப் பிரிக்கப்பட்டிருக்கிறது, முதல் பகுதி குறிப்பிட்ட உறுப்புகளைப் பற்றியது, கடைசிப் பகுதி மற்ற எல்லாச் செயல்களையும் பிடிக்கிற வலை.

சந்தேகத்தின் பலன் வாதத்துக்கு அவர்கள் கொடுத்த பதில்தான் மேல்முறையீடு செய்கிற வக்கீல்கள் குறித்து வைத்துக்கொள்ள வேண்டியது. அந்த விதி கடைசிக் கதவு. வார்த்தை, நோக்கம், பின்னணி எல்லாம் பார்த்த பிறகும் நிஜமான குழப்பம் மிஞ்சினால் மட்டுமே அதைத் தட்டலாம். சட்டமன்றம் தெளிவாகச் சொன்ன இடத்தில் கோர்ட்டே குழப்பத்தை உண்டாக்கிவிட்டு, குழப்பம் இருக்கிறது அதனால் விடுவிக்கிறேன் என்று சொல்லக்கூடாது. குற்றவாளி வலையின் கண்ணிகள் வழியே நழுவிப் போக வழிசெய்வது சட்டத்தின் வேலை இல்லை என்ற பழைய வாசகத்தையும் நினைவுபடுத்துகிறார்கள். நோக்கத்தைப் பொறுத்தவரை போக்சோவின் 30ஆவது பிரிவு குற்ற மனநிலை இருந்ததாகவே அனுமானிக்கச் சொல்கிறது, இல்லை என்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டியது குற்றம் சாட்டப்பட்டவர். அந்தச் சுமையை இறக்க இங்கே எதுவும் இல்லை.

நீதிபதி பட் தனியாக எழுதிய ஒத்திசைவுத் தீர்ப்பு இன்னும் நேரடியானது. சட்டத்தின் எளிய வார்த்தைகளை அடையாளம் தெரியாத அளவுக்கு, அழிந்துபோகிற அளவுக்கு முறுக்குவது எந்த நீதிபதியின் கடமையும் இல்லை என்கிறார். அதே ஆண்டு மார்ச்சில், பாதிக்கப்பட்ட பெண்ணின் வீட்டுக்குப் போய் ராக்கி கட்டிக்கொள் என்று ஜாமீன் நிபந்தனை போட்ட மத்தியப் பிரதேச உயர் நீதிமன்ற உத்தரவை ரத்து செய்த தீர்ப்பை எழுதியவரும் இவர்தான். நீதிபதிகளின் மனப்போக்கைப் பற்றி அவருக்கு அன்றைக்கு நிறையச் சொல்ல இருந்தது என்று நினைக்கிறேன்.

இதோடு சேர்த்தே இன்னொரு மேல்முறையீடும் தீர்ந்தது. கட்சிரோலியைச் சேர்ந்த வழக்கு, ஐந்து வயதுக் குழந்தை, அதே உயர் நீதிமன்ற நீதிபதி, நான்கு நாள் முன்னால் ஜனவரி 15 தேதியிட்ட தீர்ப்பு. கையைப் பிடித்ததும் பேண்ட் ஜிப் திறந்திருந்ததும் பாலியல் தாக்குதல் ஆகாது என்று ஐந்து வருடத் தண்டனையை, அதுவரை சிறையில் இருந்த காலமே போதும் என்று குறைத்திருந்தார்கள். உச்ச நீதிமன்றம் அந்த ஐந்து வருடத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. 12 வயதுக்குக் கீழே என்றால் கடுமையான பிரிவு 9, 10 வந்துவிடும், குறைந்தபட்சமே ஐந்து. நாக்பூர்ச் சிறுமிக்கு 12 ஆகியிருந்ததால் அந்த வழக்கு 8ஆவது பிரிவோடு நின்றது.

நீதிபதி கனேடிவாலாவை நிரந்தர நீதிபதியாக்கச் சொன்ன பரிந்துரையை, நீதிபதி நியமனங்களைப் பரிந்துரைக்கிற மூத்த நீதிபதிகள் குழுவான கொலீஜியம் திரும்பப் பெற்றுக்கொண்டது, கூடுதல் நீதிபதியாக ஒரு வருட நீட்டிப்பு மட்டும் கிடைத்தது, 2022 பிப்ரவரியில் அவர் பதவி விலகினார். ஒரு தனிப்பட்ட நீதிபதியோடு பிரச்சினை போய்விட்டது என்று அப்போது சிலர் எழுதினார்கள். 2025 மார்ச்சில் அலகாபாத் உயர் நீதிமன்றம், சிறுமியின் மார்பைப் பிடித்ததும் பைஜாமா நாடாவை அறுத்ததும் வன்புணர்வு முயற்சி ஆகாது என்று சொன்னதும், சில நாளில் உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து அதற்குத் தடை போட்டதும் ஞாபகம் இருக்கும். அது தண்டனைக்குப் பிந்தைய மேல்முறையீடு இல்லை, விசாரணை தொடங்கும் கட்டம். ஆனால் வார்த்தையை அளந்து அளந்து செயலைச் சின்னதாக்குகிற பழக்கம் அதேதான்.

சரி, போக்சோ தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்கிறவருக்கு இனி என்னதான் இருக்கிறது? துணி வாதம் மூடிவிட்டது. வயது வாதம் உயிரோடு இருக்கிறது. 18க்குக் கீழே என்று நிரூபிக்க வேண்டியது அரசுத் தரப்புதான், பள்ளிச் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ் ஒழுங்காகச் சான்றாவணமாகக் குறியிடப்படாமல் வெறும் வாய் வார்த்தையில் போயிருந்தால் அது நிஜமான ஓட்டை. மாறாக நிரூபிக்கும்வரை குற்றம் செய்ததாகவே கொள்ளச் சொல்கிற 29ஆவது பிரிவின் அனுமானத்தை அரசுத் தரப்பு காட்டினாலும், அடிப்படைச் சம்பவத்தை முதலில் அவர்கள் நிறுவிய பிறகுதான் அது வேலை செய்யும் என்று பல உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. பாதிக்கப்பட்டவரின் ஒரே சாட்சியம் போதும் என்பது 1996 குர்மித் சிங் வழக்கிலிருந்தே நிலைத்துவிட்ட சட்டம், ஆகவே 'தனிச் சாட்சி' என்று பத்துப் பக்கம் எழுதுவது காகிதத்துக்குக் கேடு. அந்தச் சாட்சியம் புகாரிலிருந்து குறுக்கு விசாரணை வரை ஆடாமல் இருந்ததா என்று பார்ப்பதுதான் வேலை. 2012 ராய் சந்தீப் வழக்கு அதற்கு அளவுகோல் கொடுக்கிறது. குற்றவாளி மட்டும் மேல்முறையீடு செய்திருந்தால் அதில் தண்டனையைக் கூட்ட முடியாது, அதற்கு அரசு தனியாக வர வேண்டும். இதைத் தண்டனை பெற்றவரின் குடும்பத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது, பாதிப் பேர் அந்தப் பயத்திலேயே வருகிறார்கள்.

2024 ஜூலை 1க்குப் பிறகு நடந்த சம்பவமாக இருந்தால் இ.பி.கோ. எண்கள் மாறிவிட்டன, 354 இப்போது (இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த) பிஎன்எஸ் 74, 342 இப்போது 127, 363 இப்போது 137. போக்சோ எண்கள் மாறவில்லை. 7ஆவது பிரிவும் அதன் 'அல்லது'களும் அப்படியே இருக்கின்றன.

நாக்பூர் ஆசாமிக்கு உச்ச நீதிமன்றம் கடைசியில் விதித்தது போக்சோ 8இன் கீழ் 3 வருடக் கடுங்காவல், 500 ரூபாய் அபராதம், கட்டாவிட்டால் ஒரு மாதம். 2020 பிப்ரவரியில் சிறப்பு நீதிமன்றம் எழுதியதும் அதேதான்.